தீவனத் தொட்டியில் ஏறிய பயணி

ஷாங்காயில் ஒரு பெரிய பன்றிப் பண்ணை. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம். இறைச்சிக்காக வளர்க்கும் விலங்குகளின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் எந்தெந்த மருந்துக்கு அடங்குகின்றன, எதற்கு அடங்குவதில்லை என்று கணக்கெடுக்கும் வேலை சீனாவில் அப்போது நடந்துகொண்டிருந்தது. அந்தக் கணக்குக்காக இந்தப் பண்ணையின் ஒரு பன்றியிடமிருந்து எடுத்த மாதிரியில் இ.கோலை பாக்டீரியா வளர்ந்தது. இ.கோலை அபூர்வமான ஜீவன் இல்லை. பன்றி, கோழி, மாடு, மனிதர் எல்லார் குடலிலும் இருப்பது. பன்றியிடம் கிடைத்த அந்த இ.கோலைக்கு எஸ்.எச்.பி.45 என்று அடையாளம் எழுதி வைத்தார்கள். கோலிஸ்டின் என்ற மருந்தை ஊற்றியும் அது சாகவில்லை.

அதுவரை பெரிய செய்தி இல்லை. கோலிஸ்டினுக்குச் சாகாத பாக்டீரியாக்களை உலகம் முன்பே பார்த்திருந்தது. ஆனால் அவற்றின் எதிர்ப்புச் சக்தி அவற்றின் சொந்த மரபுத் தொகுதியில் நேர்ந்த பிழையால் வந்தது. குடும்பச் சொத்து மாதிரி அது பிள்ளைக்கும் பேரனுக்கும் போகும். பக்கத்து வீட்டுக்காரனுக்குப் போகாது. இந்த ஒரு நிம்மதியில்தான் மருத்துவ உலகம் இருந்தது.

எஸ்.எச்.பி.45ஐ, கோலிஸ்டினுக்கு அடங்கும் இன்னொரு இ.கோலையோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். அடங்கிக் கிடந்ததும் அடங்காததாக மாறியது. பக்கத்து வீட்டுக்காரனுக்கும் சொத்து எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டது. எழுதிக் கொடுத்த சொத்து என்ன என்று தேடியபோது ஒரே ஒரு மரபணு அகப்பட்டது. அதற்கு எம்சிஆர்-1 என்று பெயர் வைத்தார்கள். இடம்பெயரக்கூடிய கோலிஸ்டின் எதிர்ப்பு என்பதன் சுருக்கம் அது. பெயரிலேயே பயணம் இருக்கிறது. அந்தப் பயணத்தின் கதைதான் இது.

ஒதுக்கப்பட்ட மருந்து

இந்தக் கதையை மரபணுவின் எதிராளியிடமிருந்து தொடங்க வேண்டும். கோலிஸ்டினும் ஒரு பாக்டீரியாவின் கைவேலைதான். 1940களின் கடைசியில் ஜப்பானில் கோயாமா என்ற ஆய்வாளரின் குழு, மண்ணில் வாழும் ஒருவகை பாசில்லஸிடமிருந்து அதைப் பிரித்தெடுத்தது. 1950களின் முடிவில் அது மனிதர்களுக்கு மருந்தானது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது, முரட்டுத்தனமானது. இ.கோலை, கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்களுக்கு வெளியே ஒரு கூடுதல் உறை உண்டு. அந்த உறையின் மேற்பரப்பு எதிர்மின் தன்மை கொண்டது. கால்சியமும் மெக்னீசியமும் அதை இழுத்துப் பிடித்துத் தைத்து வைத்திருக்கின்றன. கோலிஸ்டின் நேர்மின் தன்மை கொண்டது. அது உறையில் போய் ஒட்டிக்கொள்ளும், கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் தள்ளிவிடும், தையல் பிரிந்த இடத்தில் தன் கொழுப்பு வாலை நுழைக்கும். உறை கிழியும். உள்ளே இருப்பது வெளியே கசியும். பாக்டீரியா செத்துப்போகும்.

இந்த முரட்டுத்தனத்துக்கு நோயாளியும் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கோலிஸ்டின் ஊசி போட்டவர்களில் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது, சிலருக்கு நரம்பு பாதித்தது. அதற்குள் பாதுகாப்பான வேறு மருந்துகள் வந்துவிட்டன. 1970களில் மருத்துவமனைகள் கோலிஸ்டினை அலமாரியின் கடைசித் தட்டுக்குத் தள்ளின.

மனிதருக்கு ஆகாதது கால்நடைக்குப் போனது. மலிவான சரக்கு. பால் மறக்கடித்த பன்றிக்குட்டிகளுக்கு வரும் கழிச்சலை நிறுத்தியது. வாய் வழியாகக் கொடுத்தால் குடலைத் தாண்டி ரத்தத்தில் அதிகம் கலக்காது. ஆகவே சிறுநீரகப் பயம் இல்லை, கறியில் மிச்சம் தங்கும் கவலையும் குறைவு. பண்ணைக்காரர் பார்வையில் இது குறையே இல்லாத மருந்து. மருந்து குடலிலேயே தங்குகிறது என்பதற்கு இன்னொரு பொருளும் இருந்தது. உடம்பிலேயே பாக்டீரியாக்கள் மிக நெருக்கமாகக் குடியிருக்கும் இடம் குடல்தான். அவ்வளவு பெரிய கூட்டத்தின் நடுவே நாள்தோறும் மருந்து இறங்கிக்கொண்டிருந்தது.

நோயில்லாத கோழிக்கு மருந்து

ஆன்டிபயாடிக்கை நோய்க்குத்தானே கொடுப்பார்கள்? பண்ணைகளில் அப்படியில்லை. அதன் பின்னணி அமெரிக்காவில், லெடர்லே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் தொடங்குகிறது. அங்கே தாமஸ் ஜூக்ஸும் ராபர்ட் ஸ்டோக்ஸ்டாடும் கோழிக்குஞ்சுகளுக்கு மலிவான பி12 வைட்டமின் தேடிக்கொண்டிருந்தார்கள். ஆரியோமைசின் மருந்து தயாரித்தபின் மிஞ்சும் சக்கையைத் தீவனத்தில் கலந்து போட்டார்கள். குஞ்சுகள் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை கூடின. வைட்டமின் மட்டும் காரணமில்லை, சக்கையில் ஒட்டியிருந்த துளி மருந்துதான் எடையைக் கூட்டியது என்று தெரிந்தது. 1950இல் செய்தி வெளியானது. தீவனத்தில் துளி மருந்து கலப்பது சில ஆண்டுகளில் உலகப் பழக்கமாகிவிட்டது. வளர்ச்சியூக்கி என்று அதற்குப் பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது அளவு. நோய்க்குக் கொடுக்கும் முழு மருந்து பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றைக் கொன்றுவிடும். தீவனத்தில் கலக்கும் துளி மருந்து கொல்லாது, தொந்தரவு செய்யும். பலவீனமானவை குறையும், மருந்தைத் தாங்கத் தெரிந்தவை அந்த இடத்தில் பெருகும். நாற்றங்காலில் களையை விட்டுவிட்டுப் பயிரைப் பிடுங்கினால் என்ன ஆகுமோ அதுதான் அந்தக் குடலில் ஆகும். அதுவும் ஒரு நாள் இல்லை, குட்டி பண்ணைக்கு வந்த நாளிலிருந்து மாதக்கணக்கில்.

எச்சரிக்கை வராமல் இல்லை. 1969இல் பிரிட்டனின் ஸ்வான் குழு, மனிதருக்குப் பயன்படும் மருந்துகளை வளர்ச்சியூக்கியாகத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று அறிக்கை கொடுத்தது. 1976இல் அமெரிக்க மருத்துவர் ஸ்டூவர்ட் லெவி, மாசசூசெட்ஸ் மாநிலப் பண்ணை ஒன்றில் கோழிக்குஞ்சுகளுக்கு டெட்ராசைக்ளின் கலந்த தீவனம் கொடுத்துப் பார்த்ததன் முடிவை வெளியிட்டார். கொஞ்ச நாளிலேயே கோழிகளின் குடல் பாக்டீரியாக்கள் மருந்துக்கு அடங்காதவை ஆயின. சில மாதங்களில் அந்தப் பண்ணையில் குடியிருந்தவர்களின் குடலிலும் அவை தெரிந்தன. அவர்கள் யாரும் அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் இல்லை. ஸ்வீடன் 1986இல் வளர்ச்சியூக்கிகளைத் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வர 2006 ஆனது. மற்ற நாடுகளில் தொட்டி நிரம்பிக்கொண்டே இருந்தது.

உலகின் பன்றிகளில் ஏறக்குறைய பாதியை வளர்க்கும் நாடு சீனா. 1980களில் அங்கே கோலிஸ்டின் தீவனத்துக்குள் வந்தது. கால்நடைக்கான கோலிஸ்டினைத் தயாரிப்பதில் உலகின் முதல் பத்து நிறுவனங்களை 2015இல் எண்ணியபோது எட்டு சீனாவில் இருந்தன. ஒன்று டென்மார்க்கில், ஒன்று இந்தியாவில்.

பிறந்த வீடும் ஏறிய வண்டியும்

எம்சிஆர்-1ஐ மனிதன் செய்யவில்லை. மருந்துக்கு முன்பே அந்த மரபணு இருந்தது. மண்ணில் ஒரு பாக்டீரியா கோலிஸ்டினைச் செய்யும்போது, அதைத் தாங்கும் வித்தை தெரிந்த பாக்டீரியாக்களும் எங்கோ இருக்கத்தானே செய்யும்? அதன் பூர்வீக வீடு மொராக்செல்லா என்ற பாக்டீரியாக் குடும்பம் என்று இப்போது கருதுகிறார்கள். அந்தக் குடும்பத்தில் பன்றிகளிடம் வாழும் இனங்கள் உண்டு. எம்சிஆர் மரபணுவின் நெருங்கிய உறவுகள் அவற்றின் சொந்த மரபுத் தொகுதியில் அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. எத்தனை தலைமுறையாக அப்படி இருந்தனவோ, யாருக்கும் தொல்லை கொடுத்ததில்லை.

அது செய்யும் வேலையும் பிரமாதமானதில்லை. எம்சிஆர்-1 சொல்படி உருவாகும் நொதி, பாக்டீரியாவின் வெளி உறையில் பாஸ்போஎத்தனோலமைன் என்ற சிறு வேதிப்பொருளை ஒட்டவைக்கிறது. அவ்வளவுதான். அதனால் உறையின் எதிர்மின் தன்மை குறைகிறது. கோலிஸ்டினுக்கு ஒட்டிக்கொள்ளப் பிடி கிடைப்பதில்லை. மருந்து அப்படியே இருக்கிறது, உறையும் அப்படியே இருக்கிறது, இரண்டுக்கும் இடையே இருந்த ஈர்ப்புதான் போய்விடுகிறது.

அசையாமல் இருந்த மரபணுவை அசைத்தது ஒரு தாவும் துண்டு. தன்னைத் தானே வெட்டி எடுத்துக்கொண்டு வேறிடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள் பாக்டீரியாக்களிடம் உண்டு. போகும்போது பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். எம்சிஆர்-1ஐ இழுத்துப் போன துண்டின் பெயர் ஐ.எஸ்.ஏ.பி.எல்.1. அது முதலில் அடையாளம் காணப்பட்ட இடம் ஆக்டினோபசில்லஸ் என்ற பாக்டீரியா. அது பன்றிகளுக்கு நுரையீரல் காய்ச்சல் கொடுக்கும் கிருமி. மரபணுவின் பிறந்த வீடும் பன்றியின் உடம்பில், அதை வீட்டைவிட்டுக் கிளப்பிய துண்டும் பன்றியின் உடம்பில். பண்ணையில் இந்த இரண்டும் சந்தித்துக்கொள்ள அதிக தூரம் போக வேண்டியிருந்திருக்காது.

தாவும் துண்டு மரபணுவைக் கொண்டுபோய் பிளாஸ்மிட்டில் ஏற்றியது. பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவின் மரபுத் தொகுதிக்கு வெளியே தனியாக மிதக்கும் டி.என்.ஏ. வளையம். பாக்டீரியாவுக்குப் பாக்டீரியா கைமாறுவதுதான் அதன் பிழைப்பு. இரண்டு பாக்டீரியாக்கள் ஒட்டி நிற்கும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகல் போய்விடும். இ.கோலையிடமிருந்து கிளெப்சியெல்லாவுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று சாதி மாறியும் போகும். வண்டியில் ஏறிவிட்ட மரபணுவுக்கு இனி குடும்பம் தேவையில்லை.

இது எப்போது நடந்தது? சீனாவில் 1970களிலிருந்து கோழிகளிடம் சேகரித்துக் குளிரில் பாதுகாத்து வைத்திருந்த 1,600க்கும் மேற்பட்ட இ.கோலை மாதிரிகளைப் பின்னாளில் எடுத்துப் பார்த்தார்கள். 1980களின் மாதிரிகளில் மூன்றில் எம்சிஆர்-1 இருந்தது. கோலிஸ்டின் தீவனத்துக்குள் வந்த அதே காலம். அதன்பின் நீண்ட மௌனம். 2004இல் மறுபடி தலைகாட்டியது. 2009இல் நூற்றில் ஐந்து, 2014இல் நூற்றில் முப்பது. பல நாடுகளில் கிடைத்த எம்சிஆர்-1 மரபணுக்களை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வு, இன்று உலகெங்கும் திரிவது 2000களின் நடுவில் நடந்த ஒரே தாவலின் வாரிசுகள் என்று கணக்கிட்டது. 1980களில் வெளியே எட்டிப் பார்த்ததற்கு அப்போது போதிய தீனி கிடைக்கவில்லை போலும். இருபது ஆண்டு கழித்து வந்தபோது தொட்டி தயாராக இருந்தது.

இதற்கிடையில், சென்னையில்

பண்ணையில் இது நடந்துகொண்டிருந்தபோது மருத்துவமனையில் வேறொரு கதை ஓடியது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கார்பபீனம் வகை மருந்துகள்தான் கடைசிப் புகலிடமாக இருந்தன. அவையும் தோற்கத் தொடங்கின.

2010இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான கட்டுரை இந்தத் தோல்வியின் அளவைக் காட்டியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குமாரசாமி கார்த்திகேயன். உடன் எழுதியவர்களில் ஒருவர் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்திலிருந்த டிமோதி வால்ஷ். கார்பபீனத்தை உடைக்கும் என்.டி.எம்.-1 என்ற நொதிக்கான மரபணுவைத் தாங்கிய பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் மற்ற ஊர்களில் 73 கிடைத்திருந்தன. பெயரில் புதுடெல்லி இருந்ததால் இந்திய அரசு கோபித்துக்கொண்டது, நாளிதழ்களில் சில வாரம் அதுவே பேச்சாக இருந்தது. கட்டுரைக்குள் இருந்த இன்னொரு செய்தி அந்தச் சத்தத்தில் அமுங்கிவிட்டது. இந்தப் பாக்டீரியாக்களுக்கு எதிராக இன்னும் வேலை செய்யும் மருந்துகளாக மிஞ்சியவை பெரும்பாலும் இரண்டே இரண்டு. ஒன்று டைகிசைக்ளின். மற்றொன்று கோலிஸ்டின்.

கடைசித் தட்டில் தூசு படிந்து கிடந்த மருந்தை மருத்துவர்கள் மறுபடி எடுத்தார்கள். சிறுநீரகம் கெடலாம் என்று தெரிந்தே போட்டார்கள், உயிர் போவதைவிட அது மேல் என்பதால். ஒரு பக்கம் மருத்துவமனை அந்த மருந்தைச் சொட்டுச் சொட்டாக, கடைசி நோயாளிக்கென்று பொத்தி வைத்திருந்தது. மறுபக்கம் பண்ணையில் அதே மருந்து மூட்டை மூட்டையாகத் தீவனத்தில் கொட்டப்பட்டுக்கொண்டிருந்தது. ஒருவர் செய்வது மற்றவருக்குத் தெரியாது. மனித மருத்துவத்துக்கு ஓர் அமைச்சகம், கால்நடைக்கு வேறோர் அமைச்சகம். பாக்டீரியாவுக்கு அந்தப் பிரிவினை இல்லை.

மூடி திறந்தபோது

2015 நவம்பர் 18. லான்செட் தொற்றுநோய் இதழ் எம்சிஆர்-1 பற்றிய முதல் கட்டுரையை வெளியிட்டது. குவாங்சோவின் தென்சீன வேளாண் பல்கலைக்கழகமும் பெய்ஜிங்கின் சீன வேளாண் பல்கலைக்கழகமும் முன்னின்று செய்த ஆய்வு. ஆசிரியர் பட்டியலில் அதே டிமோதி வால்ஷ் இருந்தார். சென்னையில் என்.டி.எம்.-1ஐப் பார்த்து கோலிஸ்டின் ஒன்றாவது மிஞ்சியது என்று எழுதியவர், ஐந்தே ஆண்டில் அதுவும் கைநழுவுகிறது என்று எழுத நேர்ந்தது.

2011 ஏப்ரலிலிருந்து 2014 நவம்பர் வரை சேர்த்த மாதிரிகளின் கணக்கு அதில் இருந்தது. கடைகளில் வாங்கிய 523 பன்றி, கோழி இறைச்சி மாதிரிகளில் 78இல் எம்சிஆர்-1 இருந்தது, அதாவது 15 சதவீதம். அறுப்புக்கூட விலங்குகள் 804இல் 166, அதாவது 21 சதவீதம். மருத்துவமனை நோயாளிகள் 1,322 பேரில் 16, அதாவது 1 சதவீதம். பண்ணை விலங்கில் மிகுதி, கறிக்கடையில் அதைவிடக் கொஞ்சம் குறைவு, மனிதரில் மிகக் குறைவு. ஆறு எங்கே பிறக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று அறிய இந்த மூன்று எண்ணே போதும்.

உலகின் ஆய்வுக்கூடங்கள் தங்கள் உறைபெட்டிகளைத் திறந்து பார்த்தன. பலருக்கு வியப்பு காத்திருந்தது. டென்மார்க்கில் ஏற்கெனவே மரபுத் தொகுதி படித்துவைத்திருந்த ஏறக்குறைய 3,000 பாக்டீரியாக்களின் தகவலைக் கணினியில் தேடினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, விடை வந்துவிட்டது. ரத்தத்தில் தொற்று வந்த ஒரு நோயாளி. 2012க்கும் 2014க்கும் இடையே இறக்குமதியான கோழி இறைச்சி மாதிரி ஐந்து. நாம் கண்டுபிடிப்பதற்கு முன்பே அது ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஆசியாவுக்கும் வேறு கண்டங்களுக்கும் போய்த் திரும்பிய நெதர்லாந்துப் பயணிகள் சிலரின் குடலில் இருந்தது. அவர்களுக்கு எந்த நோயும் இல்லை, கொண்டுவந்ததும் தெரியாது. 2016 மே மாதம் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சிறுநீர்த் தொற்றுக்கு வைத்தியம் பார்க்க வந்த ஒரு பெண்ணிடம் கிடைத்தது. அண்மை மாதங்களில் அவர் வெளிநாடு எங்கும் போனதில்லை. அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உசுவாயாவில் கடற்காகங்களிடம் கிடைத்தது. பிரேசிலில் கடலில் குளிப்பவர்கள் இறங்கும் தண்ணீரில் கிடைத்தது. 2018 ஆய்வு ஒப்பிட்ட மரபுத் தொகுதிகள் 31 நாடுகளிலிருந்து வந்தவை.

பண்ணையிலிருந்து வெளியே வரும் வழிகள்

பன்றியின் குடலில் இருந்தது மனிதக் குடலுக்கு எப்படி வருகிறது? கறியைச் சாப்பிட்டால் வருமா என்றுதான் முதலில் கேட்போம். நன்றாக வெந்த கறியில் பாக்டீரியா பிழைக்காது. கொதிக்கும் குழம்பில் எம்சிஆர்-1இன் வித்தை பலிக்காது. சட்டிக்குப் போகும் முன் கறி பட்ட இடங்கள்தான் சிக்கல். அறுப்புக்கூடத்தில் குடல் கிழிந்து கறியில் படுகிறது. கடைக்காரர் கையில் படுகிறது, தராசில் படுகிறது. வீட்டில் கறி நறுக்கிய பலகையிலேயே வெங்காயமும் கொத்தமல்லியும் நறுக்கினால் அவற்றில் ஏறிக்கொள்கிறது. அவை சட்டிக்குப் போகாமல் பச்சையாக இலைக்கு வந்துவிடுகின்றன.

கறி சாப்பிடாதவருக்கும் வழி அடைந்துவிடவில்லை. பண்ணைச் சாணமும் கோழி எருவும் வயலுக்குப் போகின்றன. தெற்குச் சீனாவில் பன்றிக் கழிவு மீன் குளத்துக்குப் போவது பழைய முறை. விலங்கு தின்ற மருந்திலும் ஒரு பகுதி கழிவோடு வெளியேறுகிறது. அதனால் குடலில் நடந்த தேர்வு வயலிலும் குளத்திலும் தொடர்கிறது. ஷான்டோங் மாகாணத்தில் கோழிகளைக் குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கடை வரை தொடர்ந்து போய்ப் பார்த்த ஆய்வாளர்கள், பண்ணையைச் சுற்றித் திரிந்த நாயிடமும், ஈயிடமும், காட்டுப் பறவையிடமும், பண்ணைக்காரரிடமும் இப்படிப்பட்ட எதிர்ப்பு மரபணுக்களைக் கண்டார்கள். வேலி போட்டு வளர்த்தது கோழியை மட்டும்தான். ஈக்கு வேலி ஏது?

குடலுக்கு வந்து சேர்ந்ததும் உடனே நோய் வந்துவிடாது. பெரும்பாலானோரிடம் அது சும்மா இருக்கும், சில மாதத்தில் போயும் விடும். ஆனால் அந்த மாதங்களில் அவர் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தால், குழாய் பொருத்த நேர்ந்தால், புற்றுநோய் மருந்தால் எதிர்ப்புச் சக்தி குறைந்தால், குடலில் இருந்தது ரத்தத்துக்கு வரலாம். அல்லது பக்கத்துப் படுக்கையில் இருக்கும் என்.டி.எம்.-1 பாக்டீரியாவுக்கு இந்த வளையத்தைக் கொடுக்கலாம். கார்பபீனத்தையும் கோலிஸ்டினையும் ஒருசேரத் தாங்கும் பாக்டீரியாக்கள் இப்படித்தான் உருவாகின்றன. அத்தகையவை கிடைக்கவும் செய்தன.

தொட்டியை மூடியபோது

இந்தக் கதையில் பெரும்பாலும் தாமதமும் அலட்சியமும்தான் இருக்கின்றன. அதற்கு மாறாக ஒரு காரியம் நடந்தது. கட்டுரை வந்த அடுத்த ஆண்டே, வளர்ச்சியூக்கியாகக் கோலிஸ்டினைத் தீவனத்தில் கலக்கக் கூடாது என்று சீன அரசு முடிவெடுத்தது. 2017 ஏப்ரல் 30 அன்று தடை நடைமுறைக்கு வந்தது. நோயுற்ற விலங்குக்குக் கொடுக்கத் தடையில்லை. கொழுக்கவைக்கக் கொடுக்கத்தான் தடை.

தடை போட்டால் போதுமா, ஒருமுறை கிளம்பிய மரபணு திரும்புமா என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அதற்கு நியாயம் இருந்தது. வேறு பல எதிர்ப்பு மரபணுக்கள் மருந்து நிறுத்தப்பட்ட பின்னும் பல ஆண்டு நிலைத்திருக்கின்றன. ஆனால் எம்சிஆர்-1க்கு ஒரு பலவீனம் இருந்தது. அதைச் சுமப்பது பாக்டீரியாவுக்குச் சும்மா கிடைக்கும் வரம் இல்லை. சொந்த உறையையே மாற்றியமைக்கும் நொதி அது. அதிகமாக உற்பத்தியானால் சுமக்கும் பாக்டீரியாவே தளர்ந்துபோகும். மருந்து இருக்கும் குடலில் அந்தச் சுமை கவசம். மருந்து இல்லாத குடலில் அது வெறும் பாரம். கவசம் போடாத பாக்டீரியா அதை முந்திக்கொண்டு பெருகும்.

2020இல் வெளியான கணக்கைப் பாருங்கள். சீனாவில் தீவனத்தில் கலப்பதற்கான கோலிஸ்டின் கலவை 2015இல் 27,170 டன் உற்பத்தியானது. 2018இல் அது 2,497 டன். 23 மாகாணங்களிலும் பெருநகரங்களிலும் சோதித்த பன்றிகளில், கோலிஸ்டினுக்கு அடங்காத இ.கோலையைச் சுமந்தவை 2015–16இல் 34 சதவீதம். 2017–18இல் 5.1 சதவீதம். கோழிகளில் 18.1 சதவீதமாக இருந்தது 5 சதவீதமானது. மனிதர்களிடமும் இறங்கியது. சோதித்தவர்களில் எம்சிஆர்-1 இ.கோலையைச் சுமந்தவர்கள் 2016இல் 14.3 சதவீதம், 2019இல் 6.3 சதவீதம். இதற்கென்று மனிதருக்கு எந்தப் புது மருந்தும் கொடுக்கவில்லை. தீவனத் தொட்டியில் ஒரு பொருளை நிறுத்தினார்கள், மனிதக் குடலில் ஒரு மரபணு குறைந்தது.

இந்தியா 2019 ஜூலை மாதம் தடை விதித்தது. உணவுக்கான விலங்குகள், கோழிப் பண்ணை, மீன், இறால் வளர்ப்பு, தீவனச் சேர்க்கை எதற்கும் கோலிஸ்டினைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது. நாமக்கல்லின் முட்டைக்கோழிப் பண்ணைக்கும் பல்லடத்தின் கறிக்கோழிப் பண்ணைக்கும் ஒரே சட்டம். சீனத் தடையைவிட இது கண்டிப்பானது. அதற்குத் தேவையும் இருந்தது. சென்னையில் கடைகளில் வாங்கிய காய்கறி, இறைச்சி, மீன் என 110 மாதிரிகளை மருத்துவர் அப்துல் கஃபூர் குழுவினர் சோதித்தபோது, ஏறக்குறைய பாதியில் கோலிஸ்டினுக்கு அடங்காத பாக்டீரியா இருந்தது. பெரும்பகுதி பழைய குடும்பச் சொத்து வகை. சிலவற்றில் எம்சிஆர்-1. இந்த அப்துல் கஃபூர்தான் 2012இல் இந்திய மருத்துவச் சங்கங்களை ஒன்றுகூட்டி, சென்னைப் பிரகடனம் என்று பெயர்பெற்ற ஆன்டிபயாடிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை முன்வைத்தவர். காய்கறியில் கிடைத்தது என்பதைக் கறி சாப்பிடாதவர்கள் ஒருமுறை கூடுதலாகப் படிக்க வேண்டும்.

பயணி இன்னும் போய்விடவில்லை

குறைந்தது என்றால் ஒழிந்தது என்று பொருள் இல்லை. 6.3 சதவீதம் என்பது நூறு பேருக்கு ஆறு பேர். எம்சிஆர்-1க்குத் தம்பி தங்கைகளும் வந்துவிட்டார்கள். எம்சிஆர்-10 வரை பெயர் நீண்டுவிட்டது. கோலிஸ்டினை நிறுத்திய பண்ணை அந்த இடத்தில் வேறொரு மருந்தைக் கலந்தால் அந்த மருந்துக்கான மரபணு வளரும், கதை வேறு பெயரில் மறுபடி நடக்கும். அதே பிளாஸ்மிட்டில் எம்சிஆர்-1உம் அந்தப் புது மரபணுவும் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தால், புது மருந்து இரண்டையுமே காப்பாற்றிவிடும்.

பண்ணைக்காரரை மட்டும் குற்றம் சொல்லிவிட்டுப் போவதும் சரியில்லை. நெருக்கியடித்த கொட்டகையில், குறைந்த லாபத்தில், விலை ஏறினால் வாங்க மாட்டோம் என்று நிற்கும் நம்மைப் போன்ற வாடிக்கையாளர்களுக்காக வளர்க்கிறார். மருந்து செய்த வேலையை வேறு விதத்தில் செய்ய வேண்டுமென்றால் கொட்டகையில் காற்றும் இடமும் வேண்டும், தடுப்பூசி வேண்டும், குட்டிகளைத் தாயிடம் இன்னும் சில நாள் விட்டுவைக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. ஐரோப்பிய நாடுகள் அந்தச் செலவைச் செய்துதான் வளர்ச்சியூக்கி இல்லாமல் பன்றி வளர்க்கின்றன. அங்கே இறைச்சித் தொழில் அழிந்துவிடவில்லை.

நமக்கு உள்ள வேலை சிறியதுதான். கறி நறுக்கும் பலகையும் காய் நறுக்கும் பலகையும் தனித்தனியாக இருக்கட்டும். மருத்துவர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்க வேண்டாம், ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட. தீவனம் வாங்குபவர்கள் மூட்டையில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்கட்டும்.

மொராக்செல்லாவின் வீட்டில் அசையாமல் கிடந்த மரபணு உலகம் சுற்ற எடுத்துக்கொண்டது பத்துப் பதினைந்து ஆண்டு. அதற்குப் பயணச் செலவு கொடுத்தது தீவனத் தொட்டி. அந்தச் செலவை நிறுத்தியதும் மூன்றே ஆண்டில் அது பின்வாங்கத் தொடங்கியது. நோய் வந்த விலங்குக்கு மருந்து கொடுப்போம். நோயில்லாத விலங்குக்கு ஒரு துளியும் வேண்டாம்.